வெள்ளானூர் காட்டு டப்பாவும் நான் ஏற்றிய கற்பூரமும்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்து டைப் அடிக்கப் போகிறவர் யாரோ, அவர் இதுவரை கண்ணாடி போடாதவராக இருந்தால் இனிமேல் போட வேண்டி வரலாம். என் கையெழுத்து அப்படி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன ‘ர’, பெரிய ‘ற’ இரண்டில் எது கைக்கு வந்ததோ அதைப் போட்டிருப்பேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நல்லபடியாக மாற்றிவிட வேண்டாம். எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு வெளியாட்கள் முன்னால் பேச்சு வராது. ஊமை இல்லை. வீட்டில் குழம்பு போதும், ரசம் ஊற்று என்று தெளிவாகச் சொல்லுவேன். வாசற்படி தாண்டினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஷேர் வேனில் “எறக்கம்” என்று ஒரு குரல் கொடுத்தால்தான் வண்டி நிற்கும். நான் அந்தக் குரலை மனசுக்குள் கொடுப்பேன். (மனசுக்குள்ள நல்லா சத்தமாத்தான் கத்துவேன்.) திருவேற்காட்டில் இறங்க வேண்டியவன், வேறு யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்து, பூந்தமல்லி வரை போய், எதிர்த்த வேன் பிடித்துத் திரும்பிய கதையெல்லாம் உண்டு. என் மனைவி கஸ்தூரி சொல்லுவாள், “நீ வண்டில இருந்து எறங்கறதுக்கே ஒரு ஆளு தொணைக்கு வரணும்யா.”

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். அட்டைப்பெட்டி நம்மிடம் ஊர் நியாயம் கேட்காது. அதனால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

எங்களுக்கு ஒரே மகள், நித்யா. படித்து, ஐடி கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் மூலமாக அவளுக்கு ஒரு விளையாட்டு பழக்கமானது. ஜியோகேச் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, நான் டப்பா என்றுதான் சொல்லுவேன். விஷயம் இதுதான். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைப்பார். மரப்பொந்து, பாலத்தின் அடி, கல் இடுக்கு, இப்படி. அது இருக்கிற இடத்தைப் போனில் ஒரு புள்ளியாகப் போட்டுவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வந்து தேடிக் கண்டுபிடிப்பார்கள். உள்ளே ஒரு தாள் சுருட்டி வைத்திருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதுவார்கள். டப்பாவில் இருக்கிற சின்ன சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த சாமான் ஒன்றை வைப்பார்கள். பிறகு யாரும் பார்க்காத மாதிரி பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

முதல் தடவை அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு என்னை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அழைத்துப் போனாள். ஒரு கல்லைப் புரட்டினேன். கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் எத்தனையோ பேருடைய கையெழுத்து. இத்தனை பேர் இங்கே வந்திருக்கிறார்கள், ஒருத்தரிடமும் நான் பேச வேண்டியதில்லை, ஆனால் எல்லோரையும் பார்த்த மாதிரி இருக்கிறது. உலகத்தில் எனக்காகவே ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

“எப்டிப்பா கீது?” என்று கேட்டாள். (ஆபீசில் அவள் அப்படிப் பேசமாட்டாள். எனக்காகப் பேசுவாள்.)

“இன்னொண்ணு எங்கம்மா கீது?” என்றேன்.

பிறகு அவளே டப்பா வைக்க ஆரம்பித்தாள். வெள்ளானூர் பக்கம் அப்போது ஒரு காடு இருந்தது. புலி சிங்கம் இருக்கிற காடு இல்லை. வேம்பு, ஒதியமரம், கருவேலம், நடுவில் கொஞ்சம் பனை, இதெல்லாம் கேட்பாரில்லாமல் வளர்ந்து கிடந்த இடம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அங்கே மூன்று டப்பா வைத்தாள். ஒதியமரப் பொந்தில் ஒன்று, இடிந்த மதகின் கல் சந்தில் ஒன்று, காட்டு ஓரத்தில் தனியாக நின்ற பனையின் அடியில் ஒன்று. அவற்றைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எனக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், தாள் நனைந்திருக்கிறதா, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

“அப்பனும் பொண்ணும் காட்டுல குப்ப பொறுக்கப் போறாங்கோ” என்று கஸ்தூரி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பனையடி டப்பாவில் வேறு ஒன்றும் நடந்தது. அங்கே வருகிறவர்கள் குறைவு. அதனால் தாளில் இடம் நிறைய இருந்தது. ஒருநாள் நித்யா அதில் எனக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். “அப்பா, மழை வருது. நின்னுக்கிட்டு இருக்காம வீட்டுக்குப் போ.” அடுத்த வாரம் நான் அதன் கீழே, “வந்துட்டேன். நனையல” என்று எழுதினேன். அப்படியே தொடர்ந்தது. ஒரே வீட்டில்தான் இருந்தோம். காலையில் ஒரே குழாயடியில்தான் பல் தேய்ப்போம். ஆனால் அங்கே பேசாததையெல்லாம் அந்தப் பனையடியில் போய் எழுதினோம். ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

அவளுக்கு புனேவில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தேன். “புனே ரொம்ப தூரம்ப்பா. பயமா இருக்குன்னு நீ சொல்லு, நானும் சொல்றேன்” என்று எழுதியிருந்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். எறும்பு கடித்தது. கடைசியில் “எனக்கும்” என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிட்டு வந்தேன்.

அவள் போன பிறகு போனில் பேசினால் எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“சாப்ட்டியாம்மா?”

“சாப்ட்டேன்ப்பா. நீ?”

“ம்.”

“அம்மா எங்க?”

“இதோ.”

போன் கையைச் சுட்ட மாதிரி கஸ்தூரியிடம் கொடுத்துவிடுவேன். ஊருக்கு வரும்போது மட்டும், பெட்டியை இறக்கி வைத்ததும் அவள் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போவாள்.

டப்பாவுக்கு நான் செய்த பாதுகாப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பின்னால் எல்லாம் அதில்தான் கெட்டுப்போனது. ஒரு மழையில் தாள் ஓரம் நனைந்துவிட்டது. பதறிப்போய், ஸ்டீல் சம்படம் ஒன்று வாங்கி அதில் எல்லாவற்றையும் மாற்றினேன். கம்பெனியிலிருந்து கறுப்பு பாலிதீன் கவர் கொண்டுவந்து இறுக்கிச் சுற்றினேன். கட்ட நூல் தேடினால் வீட்டில் கிடைத்தது கோயிலில் கொடுத்த சிவப்புக் கயிறுதான். அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். எறும்பு வந்தது. “மஞ்சத்தூள் போடுய்யா” என்றாள் கஸ்தூரி. போட்டேன். கொஞ்சம் வசம்பும் உள்ளே வைத்தேன். வெளியே கிடந்தால் ஆடு மாடு மிதிக்கும் என்று, பனையடியில் சின்னக் குழி எடுத்துப் புதைத்து மேலே ஒரு கல்லும் வைத்தேன். கறுப்புத் துணி மாதிரி ஒரு பொட்டலம், சிவப்புக் கயிறு, மஞ்சள், வசம்பு, மண்ணுக்குள். செய்துவிட்டு, இதுக்கு மேல யாரும் பத்திரமா வெக்க முடியாது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், காட்டுக்கு முன்னால் உயரமாகத் தகரம் அடித்திருந்தது. மனை போடுகிறார்களாம். காட்டை வெட்டிவிட்டு வரப்போகிற நகருக்கு ‘வனம்’ என்று முடிகிற மாதிரி ஒரு பெயரும் போர்டில் எழுதியிருந்தது. தகரத்துக்குள் ஜேசிபி சத்தம். நான் சைக்கிளோடு நிற்கும்போது கேட் திறந்து ஒரு லாரி வந்தது. அதில் எங்கள் ஒதியமரம் படுத்திருந்தது. பொந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒதி பெருத்தால் உத்திரத்துக்கு ஆகாது என்பார்கள். எங்களுக்கு டப்பா வைக்க ஆனது. டப்பா அதற்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். கையைக் காட்டி ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சைக்கிளை ஓரமாக ஒதுக்கி லாரிக்கு வழிவிட்டேன். டிரைவர் எனக்கு நன்றி சொல்லுகிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

மதகுப் பக்கம் ஜல்லி கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள் என்று தகர இடுக்கு வழியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது டப்பாவும் போனது. பனை மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு நித்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எதெது போனது என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, “மத்தது போனா போகட்டும்ப்பா. பனையடில இருக்கிற பேப்பர் மட்டும் எனக்கு வேணும். எப்படியாவது எடுத்து வெச்சிரு” என்றாள்.

“எடுத்துடறேம்மா” என்றேன். ரொம்ப தைரியமாகச் சொன்னேன். போனில் தைரியம் வருவதில் ஒன்றும் கஷ்டமில்லை.

கேட்டில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். வயசானவர், நல்ல முகம். உள்ளே ஒரு டப்பா இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் போதும். நான் அவரைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கடைசியில் அவரே கூப்பிட்டு, “இன்னா நைனா, வயி தெரியலியா? பஸ் ஸ்டாண்டு அந்தாண்ட” என்று கை காட்டினார். நான் அவர் காட்டிய பக்கமே போய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். (வெயில் வேற.)

வழி கண்டுபிடித்தது கஸ்தூரிதான். நியூஸ் பேப்பர் நடுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. மனை பார்க்க இலவச வேன், மதியம் பிரியாணி, பூமி பூஜை அன்று புக் செய்கிறவர்களுக்குப் பரிசு.

“மன வாங்கற மாரி போவோம்யா. நீ வாயத் தொறக்கவே வாணாம், அல்லாம் நான் பேசிக்கறேன். நீ பாட்டுக்கு ஓரமாப் போயி உன் டப்பாவ எடுத்துக்கினு வா. பிரியாணி துன்னுட்டு வந்துகினே இருக்கலாம்.”

நித்யா கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஆவடியில் வேன் ஏறினோம். வேனில் டை கட்டின ஒரு தம்பி, மார்க்கெட்டிங்காம். “சார் என்ன பண்றார் மேடம்?” என்று கேட்டதும் கஸ்தூரி யோசிக்காமல், “மஸ்கட்ல கீறாரு. லீவுல வந்துகிறாரு. நாலஞ்சு மன சேர்த்து எடுக்கலாம்னு” என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. அந்தத் தம்பி ஓடிவந்து என்னை முன் சீட்டுக்கு மாற்றினான்.

எனக்குப் பின்னால் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர். கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதற்குள் ஒரு மனை பார்க்க வந்திருந்தார்கள். அவர் குனிந்து, “மஸ்கட்ல எந்த கம்பெனி?” என்று கேட்டார்.

நான் “ம்” என்றேன்.

“பெரிய வேலைல இருக்கறவங்க இப்படித்தான், வாயே தொறக்க மாட்டாங்க” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பேசாதவனை ஒன்று மடையன் என்பார்கள், இல்லை பணக்காரன் என்பார்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் பணக்காரன் ஆகிவிட்டேன்.

உள்ளே போனதும் எனக்கு இடமே புரியவில்லை. காடு இருந்த இடத்தில் வெறும் செம்மண். கொடி கட்டின குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. தலை மேல் நிழல் இல்லாததால் எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் நின்றேன். பிறகு பனை தெரிந்தது. அதன் அடியிலேயே ஷாமியானா போட்டு, வாழைமரம் கட்டி, ஐம்பது அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். அது ஈசானி மூலையாம். பூஜை அங்கேதான். பூசாரி உட்கார்ந்திருந்த மணையிலிருந்து என் டப்பா நாலைந்து அடி தள்ளி, அந்தக் கல்லின் கீழே இருந்தது.

கஸ்தூரி மனை பார்க்கிற சாக்கில் அந்தத் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் வேலையை அவள் சரியாகத்தான் செய்தாள். அவன்தான் வேறு ஒருவனை அவளோடு அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பி வந்துவிட்டான். கையில் மாலை.

“சார், எங்க முதலாளி சொல்லிட்டார். இன்னைக்கு வந்தவங்கள்ல நீங்கதான் பெரிய கஸ்டமர். முதல் மண்வெட்டி நீங்கதான் போடணும்.”

நான் கையை ஆட்டினேன். வேண்டாம் என்று அர்த்தம். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான். மாலை கழுத்தில் விழுந்தது. பொட்டு வைத்த மண்வெட்டி கைக்கு வந்தது. போட்டோ எடுத்தார்கள். அத்தனை நாற்காலியும் என்னைப் பார்த்தது. வெட்ட வேண்டிய இடத்தில் பூசாரி கோலம் போட்டு வைத்திருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) மண்வெட்டி என் கையில் இருக்கிறது. வெட்டச் சொல்லுகிறார்கள். டப்பா பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வெட்டினால், கல்லைப் புரட்டி, குனிந்து மண் எடுக்கிற மாதிரி எடுத்து வேட்டி மடிப்பில் செருகிவிடலாம். இப்படி ஒரு திட்டம் போட்டேன். கோலத்தைத் தாண்டி நடந்தேன்.

“சார், இங்க சார்” என்றான் தம்பி.

நான் கல்லை மண்வெட்டியால் தள்ளிவிட்டு ஓங்கி ஒரு போடு போட்டேன். பயத்தில் பலமாக விழுந்துவிட்டது. மண்வெட்டியின் நுனியில் மாட்டிக்கொண்டு, மஞ்சள் தூள் சிந்த, சிவப்புக் கயிறு கட்டிய கறுப்புப் பொட்டலம் வெளியே வந்து எல்லோருக்கும் நடுவில் உருண்டது.

ஒரு நிமிஷம் மேளம்கூட நின்றுவிட்டது.

“ஏ ஆத்தி! தொடாதீய! யாரும் தொடாதீய!” என்று திருநெல்வேலி அம்மா எழுந்து நின்று கத்தினார். “இது செய்வினைல்லா! எங்க சித்தி வீட்டு நிலையடியில இதே மாதிரிதான் எடுத்தாக. அவிய குடும்பமே நொடிஞ்சு போச்சு!”

நாற்காலிகள் சரசரவென்று பின்னால் போயின. ஜேசிபி ஓட்டுகிறவர் வண்டியிலிருந்து குதித்தார். “முதலாளி, நான் அப்பவே சொல்லல? நேத்து வண்டி ரெண்டு தபா ஆஃப் ஆச்சு. எனுக்கு பொண்டாட்டி புள்ள கீது, நான் இந்தாண்ட வர மாட்டேன்.”

“சாருக்கு எப்படித் தெரிஞ்சுது பாரு” என்றார் ஒருவர். “கோலத்த தாண்டி நேரா அங்க போறாரு. ஒரே வெட்டு.”

“அதான் வந்ததுல இருந்து பேசவே இல்ல. தெய்வ அருள் உள்ளவங்க பேச மாட்டாங்க.”

இப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அது என்னுடையது, என் மகளும் நானும் எழுதினது என்று சொன்னால் முடிந்தது. வாயும் திறந்தேன். சாம்பிராணிப் புகை உள்ளே போய் இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் ஒன்று புரிந்தது. என்னுடையது என்று சொன்னால், புதைத்தவன் நான்தான் என்று ஆகிவிடும். ஜேசிபிக்காரர் கையில் ஸ்பேனர் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பூசாரி ஒரு குச்சியால் கயிற்றை எடுத்துவிட்டுச் சம்படத்தைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக வாழை இலையில் விழுந்தது. யாரோ வைத்த சின்ன ரப்பர் பொம்மை, ஒரு கை இல்லை. மண்டை ஓடு போட்ட சாவிக்கொத்து. கோலிக்குண்டு. நித்யாவின் தலைமுடி இரண்டு சிக்கியிருந்த அவளுடைய பழைய ஹேர்பேண்ட். வசம்பு.

“முடி!” என்றார் திருநெல்வேலி அம்மா. “பாத்தியளா? முடியும் வச்சிருக்கான்!”

தாளை டை கட்டின தம்பியிடம் படிக்கச் சொன்னார்கள். அவன் தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தான். “பேரும் தேதியுமா எழுதியிருக்கு சார். இங்க, ‘காட்டேரி வந்தேன், பொம்மை வெச்சேன்’னு…” (அது யாரோ ஒரு பையன், விளையாட்டுக்கு அந்தப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், எப்போதும் மூடியைச் சரியாகப் போட்டுவிட்டுப் போவான்.) கூட்டத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

அவன் மேலே படித்தான். “‘மழை வருது, வீட்டுக்குப் போ.’ அதுக்குக் கீழ வேற கையெழுத்து. ‘வந்துட்டேன். நனையல.’”

“நனையலியா? காத்தா வந்திருக்கு” என்றார் ஒருவர்.

“‘பயமா இருக்குன்னு நீ சொல்லு, நானும் சொல்றேன்.’ கீழ, ‘எனக்கும்’.” அதற்கு மேல் படிக்காமல் தாளை இலையில் போட்டுவிட்டான். ஷாமியானாவுக்குள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். என் மகள் எழுதியதை ஒருவர் வாய்விட்டுப் படித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்கக் கேட்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் பயந்த பயம் இல்லை.

“எரிச்சுடணும்” என்றார் பூசாரி. “எடுத்தவர் கையாலதான் எரிக்கணும். வேற யார் செய்தாலும் பலிக்காது.” கற்பூரத்தை அடுக்கி, தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார்.

நான் சுற்றிலும் கஸ்தூரியைத் தேடினேன். தூரத்தில், வரிசைக் கடைசியில் ஒரு குச்சிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கேள்வி கேட்டு அந்தப் பையனைப் படுத்திக்கொண்டிருந்தாள். முதல் குச்சி அணைந்தது. “பாத்தீங்களா, அது எரிய விடாது” என்றார்கள். இரண்டாவதும் அணைந்தது. பின்னால் இருந்து யாரோ லைட்டர் கொடுத்தார்கள். நான் வாங்கினேன். கற்பூரம் பற்றிக்கொண்டது. மண்வெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மாலையும் கழுத்துமாக, நானே பற்றவைத்தேன். தாள் சுருள்வதற்கு முன் ஓரம் முதலில் கறுத்தது. பொம்மை உருகி நாறியது. கூட்டம் “ஓம் சக்தி, பராசக்தி” என்றது.

புகையைப் பார்த்து கஸ்தூரி ஓடிவந்தாள். இலையில் எரிவதைப் பார்த்தாள், என் கையில் லைட்டரைப் பார்த்தாள்.

“அடப்பாவி மனுஷா! இன்னாத்தய்யா கொளுத்தற?”

திருநெல்வேலி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க வீட்டுக்காரரு சாமி மாதிரில்லா. எங்களயெல்லாம் காப்பாத்திட்டாரு” என்று கண்கலங்கினார். கஸ்தூரி வாயடைத்து நின்றதை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாப்பாடு போட்டார்கள். பூஜை நாள் என்பதால் பிரியாணி இல்லை, சாம்பார் சாதம். முதலாளி நேரில் வந்து கைகூப்பி, கம்பெனி பெயர் போட்ட ஹாட்பாக்ஸ் ஒன்று கொடுத்தார். மஸ்கட்டிலிருந்து எப்போது வந்தாலும் எந்த மனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் “ம்” என்றேன்.

வேனில் திரும்பும்போது கஸ்தூரி திட்டவில்லை. ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். இறங்குகிற இடம் வந்ததும் அவளே “எறக்கம்” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் நானே நித்யாவைக் கூப்பிட்டேன். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் போனில் பேசினது அதுதான் முதல் தடவை. மஸ்கட் என்றதும் சிரித்தாள். காட்டேரி என்றதும் மூச்சு வாங்கச் சிரித்தாள். லைட்டர் கொடுத்தார்கள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“பேப்பர் ஃபுல்லா எரிஞ்சிடுச்சாப்பா?”

“ஆமாம்மா.”

“ஒரு துண்டுகூட இல்லையா?”

“இல்லம்மா.” பிறகு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, “நீ எழுதினதுல நெறைய எனக்கு ஞாபகம் கீதும்மா. உட்கார்ந்து சொல்றேன். மழை வருதுன்னு ஒண்ணு எழுதினியே…” என்றேன்.

“நான் எழுதினது எனக்குத் தெரியும்ப்பா” என்றாள். “நான் கேட்டது நீ எழுதினதுக்காக.”

நான் எழுதினது என்ன இருக்கிறது என்றேன். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அவ்வளவுதானே.

“இல்லப்பா. போன தீபாவளிக்கு நான் வந்தப்ப பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தே. நான் இல்லாதப்ப வாரா வாரம் எழுதியிருந்தே. நான் அங்க நின்னுகிட்டே படிச்சேன். அப்பவே போட்டோ எடுத்திருக்கலாம். டப்பா அங்கதானே இருக்கும்னு விட்டுட்டேன்.”

அது வாஸ்தவம். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நின்று ஏதோ எழுதியிருக்கிறேன். வெயில், அவள் அம்மாவுக்கு முட்டி வலி, கம்பெனியில் ஆள் குறைத்தது. அப்படி ஏதோ. பனையில் நுங்கு வந்தது பற்றி எழுதின ஞாபகம் இருக்கிறது. வேறு என்னென்ன எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவள் பக்கத்தில் இல்லை என்பதால் கை தானாக எழுதியிருக்கிறது. அதைப் போய் மனப்பாடம் செய்து வைப்பார்களா?

“பரவால்லப்பா” என்றாள். “அம்மாகிட்ட குடு.”

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பனையும் இப்போது இல்லை. செய்வினை எடுத்த மூலை என்று அந்த மனையை மட்டும் யாரும் ரொம்ப நாள் வாங்கவில்லையாம். பிறகு எங்கிருந்தோ வந்த ஒருவர், விஷயம் தெரியாமல் வாங்கி, மாடி வைத்துக் கட்டிவிட்டார். போனில் அந்தப் புள்ளி இப்போது அவர் வீட்டுச் சமையலறையில் விழுகிறது என்று நித்யா சொன்னாள். ஒருநாள் அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது யார் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தாலும் ஒரே பேச்சுதான். மாப்பிள்ளை ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தால், நித்யா சொல்லுவாள், “அப்படியே ஒரு கற்பூரமும் ஏத்திட்டு வந்திருக்கலாம்ல?” பக்கத்து வீட்டுப் பெண் மாமியார் திட்டினதற்குப் பதில் சொல்லாமல் அழுதால், கஸ்தூரி, “வாயத் தொறடி. எங்க ஊட்டு ஆளு மாரி கொளுத்திட்டு நிக்காத” என்பாள். தெருவில் பாதிப் பேருக்கு இந்தப் பேச்சு பழகிவிட்டது. அதற்கு அர்த்தம் தெரியாதவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் நித்யா ஊருக்கு வந்திருந்தாள். பெட்டியை இறக்கி வைத்தாள். பழைய பழக்கத்தில் என் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரி, இப்போதாவது ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“சாப்ட்டியாம்மா?” என்றுதான் வந்தது.

“சாப்ட்டேன்ப்பா” என்றாள். கொஞ்சம் கழித்து, “வாயால வராதுன்னா விடு. எழுதியாச்சும் குடு” என்றாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஆவணி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.